ஒட்டுப் போட்ட இடத்தில் கசிவு

போன மாதம் முத்தியால்பேட்டையிலிருந்து பழைய அலுவலக நண்பர் ஒருவர் போன் செய்தார். அவருடைய மைத்துனருக்கு இரைப்பைப் புற்றுநோய் ஆபரேஷன் நடந்து அன்று ஏழாம் நாள். "தையல் விட்டுப்போச்சாம், லீக் ஆகுதாம். மறுபடி வயித்தைத் திறக்கணுமா வேணாமான்னு பேசிக்கிட்டு இருக்காங்க. உங்க தம்பிக்கும் இப்படித்தானே ஆச்சு?" என்று கேட்டார். அரைமணி நேரம் பேசினேன். பேசி முடித்தபிறகு சொல்லாமல் விட்டது நிறைய இருப்பதாகத் தோன்றியது. அதனால்தான் இங்கே எழுதிவைக்கிறேன். நான் மருத்துவன் இல்லை. கருவூலத்தில் முப்பத்துமூன்று வருஷம் எழுத்தராக இருந்தவன். தம்பியின் படுக்கைக்குப் பக்கத்தில் இருந்து பார்த்ததும், டாக்டர்களைக் கேட்டுத் தெரிந்துகொண்டதும்தான் இதில் இருக்கிறது.

தம்பிக்கு அப்போது 64 வயது. பன்னிரண்டு வருஷமாகச் சர்க்கரை. மில்லில் வேலை பார்த்த காலத்துப் பீடிப் பழக்கத்தை மிகவும் தாமதமாகத்தான் விட்டான். சாப்பிட்டால் நெஞ்சுக்குழியில் அடைக்கிறது என்று ஆரம்பித்து, எண்டோஸ்கோப்பியில் இரைப்பையின் மேல்பகுதியில் புண் தெரிந்து, சதைப் பரிசோதனையில் கான்சர் என்று வந்தது. முதலில் நான்கு தவணை கீமோ கொடுத்தார்கள். கட்டி மேலே இருந்ததால் பாதி இரைப்பையை எடுப்பது போதாது, முழுவதையும் எடுக்கவேண்டும் என்றார்கள். 71 கிலோ இருந்தவன் ஆபரேஷனுக்குப் போகும்போது 56 கிலோ.

இரைப்பை போய்விட்டால் சாப்பாடு எங்கே போகும்? இதைக் கேட்காத உறவினர் இல்லை. சர்ஜன் ஒரு பழைய லேப் ரிப்போர்ட்டின் பின்பக்கத்தில் படம் போட்டுக் காட்டினார். சிறுகுடலை ஓரிடத்தில் வெட்டி, கீழ்த்துண்டின் முனையை மேலே இழுத்து, உணவுக்குழாயின் அறுபட்ட முனையோடு சேர்த்துவிடுகிறார்கள். இது முதல் ஒட்டு. பித்தநீரும் கணையநீரும் வந்துசேரும் மேல்துண்டைக் கொஞ்சம் கீழே கொண்டுபோய்ச் சிறுகுடலின் பக்கவாட்டில் சேர்க்கிறார்கள். இது இரண்டாவது ஒட்டு. இரைப்பையிலிருந்து துண்டித்த முன்சிறுகுடலின் வாயை மூடிவிடுகிறார்கள். அது ஒட்டு இல்லை, அடைப்பு. ஆனால் அதுவும் கசியலாம். எங்கே கசிகிறது என்பதைப் பொறுத்து வைத்தியம் மாறும். அதனால் 'லீக்' என்று யாராவது சொன்னால் முதலில் கேட்கவேண்டிய கேள்வி 'எந்த இடத்தில்?' என்பது. தம்பிக்குக் கசிந்தது முதல் ஒட்டில்.

இந்த அமைப்புக்கு ஆங்கில எழுத்து ஒய் வடிவம். கேஸ் ஷீட்டில் 'ரூக்ஸ் என் ஒய்' என்று டூட்டி டாக்டர்கள் எல்லோரும் படித்தார்கள். அது பிரெஞ்சு. கடைசி எழுத்து ஒலிக்காது. லோசான் நகரத்தில் இருந்த சேசார் ரூ என்ற சுவிஸ் சர்ஜனின் பெயர் அது. 'ரூ ஆன் இ-கிரெக்' என்று சொல்லவேண்டும். பிரெஞ்சு மீடியத்தில் படித்தவனுக்கு ஐசியூ வாசலில் கிடைத்த ஒரே அற்ப சந்தோஷம் அதுதான். யாரையும் திருத்தவில்லை. அவர்களுக்கு வேறு வேலை இருந்தது.

ஐந்து நாள் எல்லாம் சரியாகவே போயிற்று. எழுந்து உட்கார்ந்தான், வராந்தாவில் நடந்தான், மூன்று பந்து உள்ள பிளாஸ்டிக் கருவியில் மூச்சை இழுத்து இரண்டு பந்தைத் தூக்கினான். ஆறாம் நாள் விடியற்காலையில் நாடித்துடிப்பு 118. காய்ச்சல் இல்லை, வயிற்றுவலியும் பெரிதாக இல்லை. இடது தோள்பட்டை வலிக்கிறது என்றான். படுத்த வாக்கில் பிடித்துக்கொண்டிருக்கும் என்று நாங்கள் நினைத்தோம். இரவுப் பணியில் இருந்த நர்ஸ் அப்படி நினைக்கவில்லை. வயிற்றிலிருந்து வரும் டிரெய்ன் குழாயின் பையைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தார். முந்தின நாள் வரை இளஞ்சிவப்பாக, தெளிவாக இருந்தது. இப்போது அரிசி களைந்த தண்ணீர்போலக் கலங்கியிருந்தது. உடனே டூட்டி டாக்டருக்குப் போன் போட்டார். காய்ச்சல் வந்தது அன்று மாலைதான். உதரவிதானத்துக்கு அடியில் சீழ் சேர்ந்தால் வலி தோளில் தெரியும் என்றும், காய்ச்சலுக்கு முன்பே இதயம் வேகமாக அடிக்கத் தொடங்கும் என்றும் பிறகுதான் தெரிந்துகொண்டேன். அந்த நர்ஸுக்கு நாங்கள் கடமைப்பட்டிருக்கிறோம்.

காலையில் ஒரு கப்பில் நீலச்சாயம் கலந்த தண்ணீரைக் கொஞ்சம் குடிக்கச் சொன்னார்கள். கால்மணி நேரத்துக்குள் டிரெய்ன் பையில் நீலம் இறங்கியது. அதற்கு விளக்கமே தேவைப்படவில்லை. அவன் மனைவி அதைப் பார்த்துவிட்டு என்னிடம், "மாமா, குடிச்சது அப்படியே வெளிய வருதே" என்றாள். பிறகு சி.டி. ஸ்கேன் எடுத்தார்கள். ஒட்டின் இடப்பக்கத்தில் ஓட்டை. மண்ணீரலுக்கு மேலே சீழ் தேங்கியிருக்கிறது. இடது நுரையீரலைச் சுற்றியும் கொஞ்சம் நீர்.

எங்கள் வீட்டில் கலகம் அன்று மதியம் ஆரம்பித்தது. தம்பி மகன் பாரீசுக்குப் பக்கத்தில் வேலை பார்க்கிறான். வாட்ஸ்அப்பில் கத்தினான். "பெரியப்பா, அவங்க சரியா தைக்கல. அதான் லீக். ஆம்புலன்ஸ் வச்சு சென்னைக்குக் கொண்டுபோங்க. கேஸும் போடணும்." மச்சினர்கள் இரண்டுபேர் அதே முடிவோடு ஆஸ்பத்திரிக்கே வந்துவிட்டார்கள். இன்றே மறுபடி திறந்து ஓட்டையைத் தைக்கவேண்டும் என்பது அவர்கள் வாதம். குழாய் ஒழுகினால் பிளம்பரைக் கூப்பிட்டு அடைக்கிறோம், இதை ஏன் அடைக்கக்கூடாது?

சர்ஜன் கோபப்படவில்லை. "தப்பு என்மேலன்னு நீங்க நினைக்கிறது இயற்கைதான் சார். சி.டி.யை காப்பி போட்டுத் தரேன். யார்கிட்ட வேணும்னாலும் காட்டுங்க" என்றார். பிறகு இரண்டு விஷயம் சொன்னார். முதலாவது, அந்த ஒட்டு கையால் தைத்தது இல்லை. வட்டமான ஸ்டேப்ளர் கருவியால் போட்டது, சின்னச் சின்ன டைட்டானியம் பின்கள். ஆபரேஷன் டேபிளிலேயே சாயம் செலுத்திப் பார்த்தபோது கசியவில்லை. இரண்டாவது, ஏழு நாள் ஆன சதையில் இப்போது ஊசி ஏறாது. "ஈர அப்பளத்துல தையல் போட்டா என்ன ஆகும்? ஓட்டை பெருசாகும்." ரத்த அழுத்தம் விழுந்தாலோ, சீழ் வயிறு முழுக்கப் பரவினாலோ, மேலே இழுத்த குடல் ரத்த ஓட்டம் இல்லாமல் கறுத்துப்போயிருந்தாலோ திறந்தே ஆகவேண்டும், அப்போது ஒரு மணி நேரம்கூடக் காத்திருக்கமாட்டேன் என்றார். தம்பிக்கு ரத்த அழுத்தம் நின்றது. சீழ் ஒரே இடத்தில் இருந்தது. சி.டி.யைச் சென்னையில் ஒரு சர்ஜனுக்கு அனுப்பிக் கேட்டோம். அவரும் இதையேதான் சொன்னார், அதோடு இந்த நிலையில் நூற்றைம்பது கிலோமீட்டர் ஆம்புலன்ஸில் கொண்டுவராதீர்கள் என்றார். மச்சினர்கள் அடங்கினார்கள். மகன் அடங்க ஒரு வாரம் ஆயிற்று.

'லீக்' என்ற சொல்லைப் பற்றி அந்த வாரம் நிறைய யோசித்தேன். பிரான்சில் இதை 'ஃபிஸ்த்யூல்' என்கிறார்கள். மகன் அனுப்பிய பிரெஞ்சுக் குறிப்புகளில் அப்படித்தான் இருந்தது. ஃபிஸ்த்யூல் என்றால் உடம்பு தனக்குள் உண்டாக்கிக்கொள்ளும் ஒரு தடம், புரைவழி. அந்தச் சொல்லைக் கேட்டால் நோய் என்று மனசு எடுத்துக்கொள்ளும். லீக் என்று கேட்டால் வேலை செய்தவன் யார் என்று தேடும். எங்கள் வீட்டுக் கலகத்தில் பாதி அந்தச் சொல்லால் வந்தது என்பது என் அபிப்பிராயம். சர்ஜன்களில் கைவேலை சரியில்லாதவர் இருக்கமாட்டார் என்று நான் சொல்லவரவில்லை. ஆனால் நல்ல கைக்கும் இது நடக்கிறது.

ஏன் நடக்கிறது என்பதற்கு ஒரு பழைய காரணம் இருக்கிறது. குடலுக்கு வெளிப்புறமாக வழவழப்பான மெல்லிய சவ்வு ஒன்று உண்டு. இரண்டு குடல் துண்டுகளைச் சேர்க்கும்போது அந்தச் சவ்வும் சவ்வும் முகம் பார்க்கும்படி தைத்தால் சீக்கிரம் ஒட்டிக்கொள்ளும். இதை 1826-ல் பாரீசில் லம்பேர் என்ற சர்ஜன் சொன்னார். அதற்குப்பிறகுதான் குடலைத் தைப்பது நம்பகமான வேலையாக மாறத் தொடங்கியது. 1881-ல் வியன்னாவில் பில்ரோத் புற்றுநோய்க்காக இரைப்பையின் ஒரு பகுதியை வெட்டி எடுத்து, நோயாளியை உயிரோடு வீட்டுக்கு அனுப்பினார். அதுதான் முதல் வெற்றி. ஆனால் உணவுக்குழாய்க்கு அந்த வெளிச்சவ்வு இல்லை. இரைப்பையை முழுவதும் எடுத்தால் சவ்வு உள்ள குடலைச் சவ்வு இல்லாத குழாயோடுதான் சேர்க்கவேண்டும். அது நெஞ்சுக்குள் மூச்சுக்கு மூச்சு ஏறி இறங்கும் இடம் வேறு. தம்பிக்குச் சர்க்கரை, பழைய பீடி, மெலிந்த உடம்பு, ரத்தத்தில் புரதம் குறைவு எல்லாம் இருந்தன. முதல் நாட்களில் ஒட்டைப் பிடித்துக்கொண்டிருப்பது பின்கள் மட்டுமே. உடம்பு தன் சொந்தப் பசையைப் போட்டுப் பலப்படுத்த நாளாகும். அதற்குள் எங்காவது ரத்த ஓட்டம் குறைந்தால் அந்த இடம் விட்டுப்போகிறது.

அப்படியானால் வைத்தியம் என்ன? ஓட்டையை உடம்புதான் மூடும். மற்றவர்கள் செய்வதெல்லாம் அதற்கு வழிவிடுவது. ஏழாம் நாள் ரேடியாலஜி டாக்டர் ஸ்கேனில் பார்த்துக்கொண்டே விலாவுக்கு அடியில் ஊசி செலுத்தி, முனை சுருண்ட ஒரு குழாயை வைத்தார். பன்றிவால்போல இருப்பதால் பிக்டெயில் என்று பெயர். நாற்றமடிக்கும் சீழ் 200 மில்லிக்கு மேல் வந்தது. அன்று இரவே காய்ச்சல் இறங்கியது. ஆன்டிபயாடிக், அதோடு பூஞ்சைக்கும் மருந்து. ஒன்பதாம் நாள் எண்டோஸ்கோப்பி வழியாக உள்ளே பார்த்தார்கள். குடல் சிவப்பாக உயிரோடு இருந்தது. சுற்றளவில் கால்பாகம்தான் விட்டிருந்தது. ஓட்டையை உள்பக்கமாக மறைக்கும்படி, மேலே உறை போட்ட உலோக வலைக்குழாய் ஒன்றை வைத்தார்கள். ஸ்டென்ட் என்றால் இதயத்துக்கு வைப்பது மட்டும் இல்லை. சில ஆஸ்பத்திரிகளில் ஸ்டென்டுக்குப் பதிலாக ஓட்டைக்குள் பஞ்சு வைத்து, மூக்கு வழியாக வரும் குழாயில் மெஷினை மாட்டி, கசிவை உறிஞ்சி எடுக்கிறார்கள். மூன்று நான்கு நாளைக்கு ஒருமுறை எண்டோஸ்கோப்பி செய்து பஞ்சை மாற்றவேண்டும்.

இதற்கெல்லாம் மேலாகத் தம்பியைக் காப்பாற்றியது, ஆபரேஷன் அன்றே சர்ஜன் வயிற்றின் இடப்பக்கம் வைத்திருந்த மெல்லிய குழாய் என்று நினைக்கிறேன். ஒட்டுக்கு வெகு கீழே, நேராகச் சிறுகுடலுக்குள் போகிறது. பட்டினி கிடக்கும் உடம்பில் எந்தப் புண்ணும் ஆறாது. வாய்வழியாக ஒரு சொட்டும் கூடாது. இந்த இரண்டுக்கும் நடுவில் வழி அந்தக் குழாய்தான். முதலில் மணிக்கு 30 மில்லி, பிறகு 50, கடைசியில் 80. வேகமாகப் போனால் வயிற்றுப்போக்கு, மெதுவாகப் போனால் எடை குறையும். நான்கு மணிக்கு ஒருமுறை வெறும் தண்ணீர் செலுத்திக் கழுவவேண்டும். ஒருநாள் பொடித்த மாத்திரையைப் போட்டுக் குழாய் அடைத்துக்கொண்டது. ஒரு நர்ஸ் வெதுவெதுப்பான தண்ணீரை ஊசிக்குழலில் எடுத்து, முக்கால் மணி நேரம் மெல்ல மெல்ல அழுத்தியும் இழுத்தும் திறந்தார்.

அங்கே என் உத்தியோகம் பயன்பட்டது. ஒரு நீள நோட்டு வாங்கிக் கோடு போட்டேன். உள்ளே போனது, வெளியே வந்தது, நாடி, காய்ச்சல், சர்க்கரை. ஆஸ்பத்திரியிலும் அப்படி ஒரு தாள் உண்டு, ஆனால் ஷிப்டு மாறும்போது சில கட்டங்கள் காலியாகவே இருக்கும். காலையில் ரவுண்ட்ஸ் வரும்போது சர்ஜன் என் நோட்டையும் வாங்கிப் பார்ப்பார். ஏழாம் நாள் டிரெய்ன் 380 மில்லி. பன்னிரண்டாம் நாள் 140. பதினாறாம் நாள் 60. உறவினர்கள் 'எப்படி இருக்கான்?' என்று கேட்டால் இந்த எண்ணைத்தான் சொல்வேன். எனக்கு நம்பிக்கை கொடுக்க வேறு எதுவும் இல்லை.

அவன் பட்டபாடு வேறு. எச்சிலைக்கூட விழுங்காதே, துப்பு என்றார்கள். மனிதனுக்கு ஒரு நாளைக்கு ஒரு லிட்டர் அளவுக்கு எச்சில் ஊறும் என்பதை அந்தக் கிண்ணத்தைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன். பசியை அவன் சொல்லவே இல்லை. தாகம்தான். பஞ்சைத் தண்ணீரில் நனைத்து உதட்டைத் துடைப்போம். பதினைந்தாம் நாள் மாலை பக்கத்துப் படுக்கைக்காரருக்குப் பிளாஸ்கில் காப்பி வந்தது. வாசனை வந்ததும் திரும்பிப் படுத்துக்கொண்டான். கொஞ்ச நேரம் கழித்து, "அண்ணே, ஒரு வாய். உள்ள போக வேணாம், வாயில வச்சிட்டுத் துப்பிடறேன்" என்றான். டூட்டி டாக்டரைக் கேட்டேன், கூடாது என்றார். அன்று முழுக்க என்னோடு பேசவில்லை. மறுநாள், "இந்தக் குழாயெல்லாம் எடுக்கச் சொல்லு, நான் வீட்டுக்குப் போறேன்" என்றான். அறுபது வருஷத்துக்கு மேல் பழகியவன் கெஞ்சுகிற மாதிரி பார்த்தால், நியாயம் தெரிந்தும் முகத்தை நேராகப் பார்க்க முடிவதில்லை.

அன்று மதியம், நாங்கள் மருந்துக்கடைக்குப் போயிருந்த நேரத்தில், பார்க்க வந்த வயதான உறவுக்காரம்மா ஒருவர் மனசு தாங்காமல் இரண்டு ஸ்பூன் இளநீர் கொடுத்துவிட்டார். பதினேழாம் நாள் டிரெய்ன் 210. என் தம்பி மனைவி அந்த அம்மாவைப் பேசாத பேச்சு இல்லை. ஆனால் எக்ஸ்ரேயில் ஸ்டென்ட் கீழே நழுவியிருந்தது தெரிந்தது. இந்த வகை ஸ்டென்டுக்கு அது சகஜமாம். இரண்டு ஸ்பூன் இளநீர் ஸ்டென்டைத் தள்ளாது என்று சர்ஜனே சொன்னபிறகுதான் வீட்டில் சமாதானம் வந்தது. மறுபடி எண்டோஸ்கோப்பி, மேலே இழுத்து வைத்து, விளிம்பில் கிளிப் போட்டார்கள். எண்கள் மறுபடி இறங்கத் தொடங்கின.

இருபத்தேழாம் நாள் தண்ணீரில் கரையும் சாயத்தைக் குடிக்கவைத்துப் படம் எடுத்தார்கள். கசிவு இருந்தால் ஆபத்து என்பதால் இதற்குப் பேரியம் கொடுப்பதில்லை. சாயம் நேராக இறங்கியது. மறுநாள் காலை சர்ஜன் வந்து, "இன்னிக்கு முப்பது மில்லி தண்ணி" என்றார். மருந்து அளக்கும் மூடியில் ஊற்றிக் கொடுத்தோம். ஒரே மடக்கில் குடிப்பான் என்று நினைத்தேன். பத்து நிமிஷம் எடுத்துக்கொண்டான். பிறகு டிரெய்ன் பையை அவனே தூக்கிப் பார்த்தான்.

முப்பத்தேழாம் நாள் வீட்டுக்கு வந்தான், வயிற்றுக் குழாயோடு. எட்டாம் வாரம் ஸ்டென்டை எடுத்தார்கள். வயிற்றுக் குழாயை எடுக்க மூன்று மாதத்துக்கு மேல் ஆயிற்று. ஆபரேஷனுக்குப் பிறகும் நான்கு தவணை கீமோ கொடுப்பதாகத் திட்டம். கசிவால் அது பதின்மூன்றாம் வாரம்தான் தொடங்க முடிந்தது. உடம்பு தாங்காமல் இரண்டோடு நிறுத்திவிட்டார்கள். கசிவின் கணக்கில் இதையும் சேர்க்கவேண்டும். ஓட்டை மூடியதும் எல்லாம் முடிந்துவிட்டதாக உறவினர்கள் நினைத்தார்கள். புற்றுநோய் டாக்டர் அப்படி நினைக்கவில்லை. ஒவ்வொரு ஸ்கேனுக்கும் முந்தின இரவு அவன் வீட்டில் யாரும் தூங்குவதில்லை.

இரண்டு வருஷம் ஓடிவிட்டது. இதுவரை ஸ்கேன் சுத்தம். 52 கிலோவில் நிற்கிறான். மாதாமாதம் பி12 ஊசி, இரைப்பை இல்லாதவர்களுக்கு அது ஆயுசு முழுக்க. ஒரு நாளைக்கு ஆறு வேளை, கொஞ்சம் கொஞ்சமாக. சாப்பாட்டோடு தண்ணீர் குடிப்பதில்லை. இனிப்புச் சாப்பிட்டால் படபடப்பும் வேர்வையும் வந்து படுத்துவிடுவான். கசிந்து ஆறிய இடம் தழும்பாகிச் சுருங்கும் என்று முன்பே எச்சரித்திருந்தார்கள். அப்படியே சுருங்கியது. பலூன் வைத்து மூன்றுமுறை விரித்திருக்கிறார்கள். இட்லி இறங்குகிறது, தோசை ஓரம் சிக்குகிறது. ஆவணியில் நான்காவது முறை வரச் சொல்லியிருக்கிறார்கள்.